சமூகத் தொழில்முனைவைக் கற்றுக்கொள்ள எதைப் படிக்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: பொறியியல் முடித்து இரண்டு வருடமாக ஒரு கம்பெனியில் வேலை, மனசு அதில் ஒட்டவில்லை. சமூகத் தொழில்முனைவு, சமூகப் புத்தாக்கம் என்று அடிக்கடி காதில் விழுகிறது. அதைக் கற்க நல்ல புத்தகம், கோர்ஸ், இணையதளம் வேண்டும். இதற்கென்று முதுகலை சேரலாமா என்றும் யோசனை. ஆங்கிலம் சுமார். மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்பது பட்டியல். ஆனால் ஊருக்கு உபயோகமாக ஒன்றைச் செய்துகொண்டே வீட்டுக்கும் சம்பளம் கொண்டுபோக முடியுமா, முடிந்தவர்களுக்கு அது எப்படி முடிந்தது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொல்லும் போக்கிலேயே பட்டியலும் வந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாகத் தென் மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்கள், சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகள், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் ஆகியவற்றுக்குக் கணக்குப் பார்க்கிறேன். இடையிடையே பயிற்சி வகுப்பும் எடுப்பதுண்டு. முதலீட்டாளர் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. எனவே நிதி திரட்டுவது எப்படி என்பதை அந்த வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் சொல்வதெல்லாம் வரவு செலவுப் புத்தகத்தின் பக்கமிருந்து பார்த்தது.

முதலில் அந்த இரண்டு சொற்கள். சமூகப் பிரச்சினை ஒன்றைத் தீர்க்கத் தொழில் முறையில் இறங்குவது சமூகத் தொழில்முனைவு; அதற்குப் புது வழி காண்பது சமூகப் புத்தாக்கம். சமூகத் தொழில்முனைவு என்ற பேச்சு உலகெங்கும் பரவியதில் பெரிய பங்கு பில் டிரேட்டன் 1980-ல் தொடங்கிய அசோகா அமைப்புக்கு உண்டு. அமெரிக்கர்தான், ஆனால் பெயரை நம் பேரரசர் அசோகரிடமிருந்து எடுத்துக்கொண்டார். காரியம் பெயரைவிடப் பழையது. 1946-ல் குஜராத்தின் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் பின்னால் அமுல் ஆனது. 1959-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டுக் காயவைத்ததுதான் லிஜ்ஜத். இவர்களில் யாரும் தங்களைச் சமூகத் தொழில்முனைவோர் என்று சொல்லிக்கொண்டதில்லை. புத்தாக்கம் என்பதோ தொழிலோடு கட்டுண்டதே இல்லை. அரசாங்க அலுவலகத்திலும் அது நடக்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது இதுதான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று எழுதியிருக்கும், எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். மேலிருந்து தள்ளிவிடும் மருந்தை வாங்கி அடுக்கும் நிலை போய், தேவையானதைக் கேட்டு வாங்கும் நிலை வந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்து இதே மாதிரி கழகங்களை அமைத்துக்கொண்டன. மேடையில் நிற்க ஒரு நாயகன் இல்லாததாலோ என்னவோ, எந்தக் கோர்ஸிலும் இது முதல் பாடமாக வருவதில்லை. என்னைக் கேட்டால் முதல் வாரமே இதைப் படிக்கச் சொல்வேன்.

அடுத்தது அரவிந்த் கண் மருத்துவமனை. நீங்கள் தொடும் எந்தப் பாடத்திட்டத்திலும் இது இருக்கும். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-லேயே இதை வகுப்புப் பாடமாக எழுதியது. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியர் சி. கே. பிரகலாத் 2004-ல் எழுதிய நூலிலும் வந்தது. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகள் போட்டுத் தொடங்கினார். இந்தக் கதையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு வரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்: பணம் கட்டுகிறவர் காசில் ஏழைக்கு இலவசம். இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார்செய்து படுக்கவைத்திருப்பார்கள். முதல் கண் முடிந்ததும் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். கண்ணைச் சோதிப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளியைத் தயார்செய்வது எல்லாம் கிராமத்திலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்களின் வேலை. மருத்துவரின் ஒரு மணி நேரத்தில் எத்தனை கண் என்பதுதான் அங்கே எல்லாக் கணக்குக்கும் அடி. செலவு அங்கே குறைந்ததால்தான் பணம் கட்டுகிறவரின் காசு இன்னொருவரையும் தாங்குகிறது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது இறக்குமதியானது, விலை நூறு டாலர் அளவில். 1992-ல் ஆரோலேப் தொடங்கி அதை மதுரையிலேயே செய்து பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் மற்ற மருத்துவமனைகளுக்குத் தங்கள் முறையைச் சொல்லிக்கொடுக்கவே லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கினார்கள். இவர்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசம். ஆனால் இந்த வெற்றியை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்கிறார்களே, அங்கே எனக்குச் சந்தேகம் உண்டு. கண்புரை ஒரு விசேஷமான நோய். அறுவை சின்னது, கண்ணுக்கு ஒரு தடவைதான், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி, பலன் மறுநாளே தெரியும். சர்க்கரை நோய் அப்படியா? வருடக்கணக்காக வர வேண்டும், பலனும் கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் இன்னும் சிக்கல். "நாங்கள் கல்வியின் அரவிந்த்" என்று யாராவது சொன்னால், உங்களுக்கு அந்த இரண்டாவது மேசை எது என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்கைப் பற்றி இவ்வளவு பேசும் நானே அதில் சறுக்கியவன்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தேனிப் பக்கம் ஒரு பெண்கள் குழு, வாழை நாரில் கைப்பை செய்தார்கள். பயிற்சி கொடுத்தது ஒரு அமைப்பு. விலை நிர்ணயம் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கரும்பலகையில் எழுதினேன்: நார், சாயம், உள்துணி, ஜிப், பார்சல் செலவு எல்லாம் சேர்த்து 110 ரூபாய். விற்பனை விலை 180. லாபம் 70. எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் தட்டவில்லை. "தம்பி, எல்லாஞ் சரி. நாங்க நார் உரிச்ச பொழுது இதுல எந்தப் பக்கம் இருக்கு?" என்றார். ஒரு பைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன். ஒன்றரை நாள். அந்த எழுபது ரூபாய் லாபமே இல்லை, ஒன்றரை நாள் கூலி. நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் அதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். அடுத்த வருடம் அவர்கள் பையை விட்டுவிட்டு நாரைக் கயிறாகத் திரித்து விற்றார்கள். கண்காட்சியில் வைத்துப் படமெடுக்க அது லாயக்கில்லை, ஆனால் கூலி கட்டியது. அன்றிலிருந்து எந்த வெற்றிக் கதையைப் படித்தாலும் அந்த அம்மாவின் கேள்வியை வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். தன்னார்வலர்கள், குறைந்த சம்பளத்து இளைஞர்கள், குழுப் பெண்கள் என்று யாருடைய நேரமாவது கணக்கில் வராமல் ஒளிந்திருக்கும்.

உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் விவாதத்தில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்குக் குறுங்கடனைவிட (ஏழைகளுக்கு ஈடு கேட்காமல் கொடுக்கும் சின்னக் கடன்) நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976-ல் வங்கதேசத்து ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமாக 27 டாலர் கொடுத்துத் தொடங்கினார். 1983-ல் அது கிராமீன் வங்கி. 2006-ல் அமைதிக்கான நோபல். எல்லோரும் இதுவரை படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் எஸ்.கே.எஸ். குறுங்கடன் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. கடன் தொல்லையால் தற்கொலைகள் என்ற செய்திகளுக்கு நடுவே அக்டோபரில் குறுங்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அங்கே கடன் வசூல் படுத்துவிட்டது. 2015-ல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. கடன் கிடைக்கும் ஊர் அல்லது ஆள், கிடைக்காத ஊர் அல்லது ஆள் என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வுகள். முடிவு ஏறக்குறைய ஒரே மாதிரி: சிலர் இருக்கும் தொழிலைக் கொஞ்சம் பெருக்கினார்கள், சராசரிக் குடும்பத்தின் வருமானமோ வாழ்க்கையோ பெரிதாக மாறவில்லை. இது உறுதியானது என்றே சொல்லலாம். அதே வருடம் வெளியான இன்னொரு ஆறு நாட்டு ஆய்வில், மிக ஏழைக் குடும்பத்துக்குக் கடனுக்குப் பதில் மாடு, ஆடு மாதிரி ஒரு சொத்து, சில காலம் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, வாராவாரம் வந்து பார்க்கும் ஆள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தபோது பலன் நின்றது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு உருவாக்கிய முறை அது. குறுங்கடன் யாருக்குப் பலன் தருகிறது, யாரைக் கவிழ்க்கிறது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. இந்த ஆய்வுப் போக்கை முன்னெடுத்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் (2019-ல் மைக்கேல் கிரேமரோடு பொருளாதார நோபல் பெற்றவர்கள்) எம்.ஐ.டி.யின் உலக வறுமை பற்றிய இணையப் பாடத்தை எடுக்கிறார்கள். சான்றிதழ் வேண்டாம் என்றால் காசில்லாமலே பார்க்கலாம். நான் ஒரே ஒரு கோர்ஸ்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். தலைப்பில் தொழில்முனைவு என்ற சொல்லே கிடையாது, பரவாயில்லை.

தோற்றவற்றையும் கட்டாயம் படிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பிளேபம்ப் பற்றித் தேடுங்கள். பிள்ளைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம், அது சுழலச் சுழல நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்கவே குளுகுளு என்று இருக்கிறது அல்லவா? 2000-ல் உலக வங்கியின் பரிசு, 2006-ல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் உதவி அறிவிப்பு. இப்போது ஒரு பேப்பரை எடுங்கள். ஒரு பம்ப் 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். ஆளுக்குக் குறைந்தபட்சம் 15 லிட்டர் என்றால் நாளைக்கு 37,500 லிட்டர். பம்ப் மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும் என்பது அவர்களே சொன்ன கணக்கு. வகுத்துப் பாருங்கள்: பிள்ளைகள் நாளைக்கு ஏறக்குறைய 27 மணி நேரம் விளையாட வேண்டும். 2009-ல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. எட்டாம் வகுப்புக் கணக்கு இது, கோடிக் கணக்கில் பணம் அறிவிக்கும்போது யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். 2005-ல் இதைப் புகழ்ந்து ஒரு படம் காட்டியது. அதே நிருபர் 2010-ல் திரும்பிப் போய் என்ன ஆயிற்று என்று இன்னொரு படம் எடுத்தார். பழுதாகிக் கிடக்கும் பம்புகள், விளையாடப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெண்களே தள்ளித் தண்ணீர் எடுக்கும் காட்சி. இரண்டையும் அதே வரிசையில் பாருங்கள், முதல் படத்தைப் பார்க்கும்போது நீங்களும் மயங்குவீர்கள். இதே ருசியில் கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தோல்வி அறிக்கை என்றே தனியாக வெளியிட்டது. பொறியியல் படித்த உங்களுக்கு அது நன்றாகப் பிடிக்கும்.

கருவி, கண்டுபிடிப்பு பக்கம் உங்கள் ஆர்வம் போகுமானால் தொடக்கத்துக்குக் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் போதும். சினிமாவே வந்துவிட்டதால் அவர் கதை எல்லோருக்கும் தெரியும், எந்திரம்தான் தெரியாது. கடையில் விற்கும் மாதவிடாய் நாப்கினுக்குள் இருப்பது பருத்தி என்று நினைத்து அவர் நெடுநாள் அலைந்தார். உள்ளே இருந்தது மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ். கோடிக் கணக்கில் விலை உள்ள பெரிய எந்திரம் செய்யும் வேலையை அரைப்பது, அழுத்துவது, ஒட்டுவது, கிருமி நீக்குவது என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு லட்சத்துக்குள் அடங்கும் சின்ன எந்திரங்களாகச் செய்தார். அவற்றைப் பெண்கள் குழுக்களுக்கு விற்கிறேன், நாப்கின் கம்பெனி நடத்தவில்லை என்ற முடிவும் எந்திரத்துக்குச் சமமான கண்டுபிடிப்பு. அதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும்: எந்திரம் வாங்கிய குழுவுக்கு மரக்கூழ் எங்கிருந்து வரும், பழுது யார் பார்ப்பது, பெரிய கம்பெனியின் விளம்பரத்துக்கு எதிரே எப்படி விற்பது? இந்த மாதிரி அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்களைத் தேடிப் பதிவு செய்வதற்காகவே பேராசிரியர் அனில் குப்தாவின் ஹனி பீ நெட்வொர்க் 80-களின் கடைசியில் தொடங்கியது. 2000-ல் வந்த தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான பதிவுகள் தேடிப் படிக்கக் கிடைக்கும். தமிழில் படிக்க வேண்டும் என்றால் மதுரை சேவா அமைப்பு கொண்டுவந்த 'நம் வழி வேளாண்மை' இதழ்களைத் தேடிப் பிடியுங்கள். விவசாயிகளின் சொந்தக் கண்டுபிடிப்புகளை அவர்கள் பேச்சிலேயே பதிந்தது அது.

தொடர்ந்து படிக்க இரண்டு தளங்கள் போதும். ஸ்டான்ஃபோர்டு சமூகப் புத்தாக்க இதழ் 2003 முதல் வருகிறது. கோட்பாடு அங்கே வலு, ஆனால் அமெரிக்க அறக்கட்டளைகளின் வாடை அடிக்கும். 2017-ல் தொடங்கிய இந்தியா டெவலப்மென்ட் ரிவ்யூ நம் நாட்டு நிலவரம் சொல்வது, முழுக்க இலவசம், கட்டுரைகள் சின்னவை. ஆங்கிலம் சுமார் என்பவருக்கு இரண்டாவதுதான் நல்லது. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் நம் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் காசில்லாமல் கேட்கலாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். அக்யூமன் அகாடமி என்ற இணையப் பயிற்சித் தளத்திலும் பாடங்கள் உண்டு, கூட்டாக உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் அவை, தனியாகச் செய்தால் பாதியில் நின்றுவிடும். தமிழிலேயே பயிற்சி வேண்டும் என்றால் சென்னையில் இருக்கும் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தைப் பாருங்கள். திட்ட அறிக்கை, வங்கிக் கடன், பதிவு முறை எல்லாம் அங்கே சொல்லித்தருவார்கள். சமூகம் என்ற சொல் அதிகம் வராது, தொழில் என்ற சொல் வரும். அதுவும் தேவைதான்.

முதுகலைப் படிப்பு பற்றி. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2007 முதல் சமூகத் தொழில்முனைவில் முதுகலை நடத்தியது. குஜராத்தின் ஆனந்த் நகரில் 1979-ல் தொடங்கிய இர்மா என்ற ஊரக மேலாண்மை நிறுவனம், கூட்டுறவையும் ஊரக நிர்வாகத்தையும் சொல்லித்தருகிறது. நல்ல இடங்கள்தான். அங்கே படித்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன்; அவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் கூடப் படித்தவர்களின் பழக்கம் என்பது என் கணிப்பு. ஆனால் கடன் வாங்கிச் சேராதீர்கள். இந்தத் துறையின் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் ஏதாவது உற்பத்தியாளர் கம்பெனியிலோ மருத்துவ அறக்கட்டளையிலோ வேலை பார்த்துவிட்டுப் போனால், வகுப்பில் கேட்க உங்களிடம் சொந்தக் கேள்விகள் இருக்கும்.

நான் வகுப்பில் கொடுக்கும் ஒரு வேலையை நீங்களும் செய்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு நிறுவனத்தின் மூன்று வருடத்து வரவு செலவுக் கணக்கை எடுங்கள். அது செக்‌ஷன் 8 கம்பெனியாகவோ (லாபத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளாத கம்பெனி) உற்பத்தியாளர் கம்பெனியாகவோ இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். டிரஸ்ட் என்றால் அந்த வசதி இல்லை, அவர்களே ஆண்டறிக்கையில் போட்டால்தான் உண்டு. கேட்டும் தராத இடத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். வரவுப் பக்கத்தில் விற்பனையையும் நன்கொடையையும் மானியத்தையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். மொத்தச் செலவை, எத்தனை பேருக்குச் சேவை என்று அவர்களே சொல்லும் எண்ணால் வகுங்கள். நன்கொடை நின்றால் கையிலிருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். நன்கொடையில் நடப்பது குற்றமில்லை, பல நல்ல வேலைகள் அப்படித்தான் நடக்க முடியும். தொழில் என்று சொல்லிக்கொண்டு நன்கொடையில் நடப்பதுதான் குழப்பம்.

ஆங்கிலம் சுமார் என்றீர்கள். தமிழில், காசில்லாமல், உங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அமுல் வைத்த அதே மூன்றடுக்குதான் ஆவினிலும்: கிராமத்தில் சொசைட்டி, மாவட்டத்தில் ஒன்றியம், மேலே மாநிலக் கூட்டமைப்பு. விடிகாலை ஆறு மணிக்குப் பக்கத்துப் பால் சொசைட்டிக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். யார் கேனில் கொண்டுவருகிறார், யார் சொம்பில் கொண்டுவருகிறார், அளவு எப்படி, சத்து எப்படிப் பார்க்கிறார்கள், அட்டையில் என்ன எழுதுகிறார்கள், தனியார் வண்டி ஏன் தெருமுனையில் நிற்கிறது, யார் அங்கே ஊற்றுகிறார் என்று பாருங்கள். கூட்டம் கலைந்ததும் செயலாளரிடம் லிட்டருக்கு எவ்வளவு பிடித்தம், அது எங்கெங்கே போகிறது என்று கேளுங்கள். முதல் நாள் சொல்லமாட்டார், நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்பார். மூன்றாவது நாள் டீ வாங்கிக் கொடுத்தால் நோட்டை எடுப்பார்.